ஊற்று ஒருவருக்கு, உரிமை மற்றொருவருக்கா?

(பொழிவின் எழுத்து வடிவம்)



ஒரு நாட்டு மண்ணுக்கடியில் ஊறும் பொருள் அந்நாட்டு மக்களுக்கு உரியதா? அன்றி, அதனை அகழ்ந்தெடுக்க வல்ல வேற்று நாட்டாருக்கு உரியதா? கேட்பதற்கு எளிய வினா இது. சிறு பிள்ளையும் விடை சொல்லும். ஆனால், இருபதாம் நூற்றாண்டில் இவ்வினாவின் பொருட்டு ஆட்சிகள் கவிழ்ந்தன. மன்னர் சிலர் முடி இழந்தனர். தம் நாட்டுக்குரியதைத் தமதென்று சொன்ன தலைவர் ஒருவர் தம் வாழ்நாளின் இறுதியைச் சிறைக்காவலில் கழித்தார். அவ்வரலாற்றை ஈரான் நாட்டின் எண்ணெய்க் கிணறுகளிலிருந்து தொடங்கிப் பார்ப்பதே இப்பொழிவின் நோக்கம்.

முதற்கண் பெயரைப் பற்றி ஒரு சொல். பெட்ரோலியம் என்னும் சொல்லில் 'பெட்ரா' என்பது கல்லையும் 'ஓலியம்' என்பது எண்ணெயையும் குறிக்கும். கல்லினிடையே ஊறும் நெய், ஆகவே கன்னெய். எள்ளை ஆட்டினால் வரும் நெய்யை ஆட்டுகிறவனே எடுத்துக்கொள்வான். கல்லை அகழ்ந்தால் வரும் நெய்யோ, யார் அகழ்ந்தார், யார் தூய்மை செய்தார், யார் ஏற்றிச் சென்றார், யார் விலை வைத்தார் என்பனவற்றைப் பொறுத்தே ஒருவன் கைக்குச் சேரும். எண்ணெய் அரசியல் முழுவதும் இந்நான்கு வினாக்களுள் அடங்கும்.

இருபதினாயிரம் பவுண்டுக்கு ஒரு நாடு

1901-ஆம் ஆண்டு மேத் திங்கள் 28-ஆம் நாள். அப்போது பாரசீகம் எனப்பட்ட ஈரானை முசாபர் உத்தீன் மன்னர் ஆண்டு வந்தார். கருவூலம் வறண்டிருந்தது, கடன் மிகுந்திருந்தது. ஆத்திரேலியப் பொற்சுரங்கத்தில் பெரும்பொருள் ஈட்டியிருந்த வில்லியம் நாக்சு தார்சி என்னும் ஆங்கிலேயருக்கு அன்று ஓர் உரிமம் எழுதிக் கொடுக்கப்பட்டது. வடபுலத்து ஐந்து மாநிலங்கள் நீங்கலாக, நாடு முழுவதிலும் எண்ணெய் தேடவும் எடுக்கவும் விற்கவும் அறுபது ஆண்டு உரிமை அவருக்கு. மன்னருக்குக் கிடைத்தவை 20,000 பவுண்டுப் பணமும், 20,000 பவுண்டு மதிப்புள்ள பங்குகளும், ஆண்டுதோறும் தூய ஊதியத்தில் 16 விழுக்காடும் ஆகும். வடபுலத்தை ஒதுக்கியதும் ஈரானியர் நலம் கருதியன்று. அண்டையிலிருந்த உருசியப் பேரரசு சினக்கும் என்று அஞ்சியே ஒதுக்கினர். உரிமம் பெற்ற தார்சி அந்நாட்டு மண்ணில் ஒரு முறையேனும் காலடி வைத்தவரல்லர்.

ஏழாண்டுகள் தேடியும் வாணிக அளவில் எண்ணெய் கிட்டவில்லை. தார்சியின் பணம் கரைந்தபோது, பருமா நாட்டில் எண்ணெய் எடுத்துவந்த பருமா எண்ணெய்க் குழுமம் கைகொடுத்தது. 1908-ஆம் ஆண்டு மேத் திங்கள் 26-ஆம் நாள் வைகறையில், மசூதி சுலைமான் என்னுமிடத்தில் எண்ணெய் பீறிட்டெழுந்தது. அடுத்த ஆண்டே ஆங்கிலப் பாரசீக எண்ணெய்க் குழுமம் தோன்றியது. கடலையொட்டிய அபாதான் தீவில் தூய்விப்பாலை எழுந்தது. பின்னாளில் உலகிலேயே பெரியது என்று பேர் பெற்ற ஆலை அதுவே.

கரியிலிருந்து எண்ணெய்க்கு

இங்கிலாந்து நாட்டில் நிலக்கரி நிரம்ப உண்டு. அன்றைக்கு எண்ணெயோ இல்லை. இருந்தும், அந்நாட்டுக் கடற்படை கரியை விட்டு எண்ணெய்க்கு மாறியது. கரணியம் என்ன? எண்ணெயால் இயங்கும் கப்பல் விரைந்து செல்லும். கரி அள்ளிப் போடும் ஆட்கூட்டம் அதற்கு வேண்டா. நடுக்கடலிலேயே எண்ணெய் நிரப்பிக் கொள்ளலாம். செருமானியக் கடற்படை வளர்ந்துவந்த காலம் அது. ஆகவே விரைவை விரும்பினர். ஆனால் அந்த விரைவுக்கு விலை என்ன? தம் நாட்டுக் கரியை நம்பியிருந்த கடற்படை, பிறர் நாட்டு எண்ணெயை நம்ப வேண்டியதாயிற்று. நம்பியிருப்பதைத் தம் கைக்குள் வைத்திருக்க வேண்டும் என்பது பேரரசுகளின் முறை.

1914-ஆம் ஆண்டு சூன் திங்களில், கடற்படை அமைச்சராயிருந்த விண்சுடன் சர்ச்சில் நாடாளுமன்றத்தில் ஒரு திட்டத்தை நிறைவேற்றினார். அதன்படி, ஆங்கில அரசு 22 இலக்கம் பவுண்டு செலுத்தி அவ்வெண்ணெய்க் குழுமத்தின் 51 விழுக்காட்டுப் பங்குகளை வாங்கிக்கொண்டது. கடற்படைக்கு நெடுங்காலம் எண்ணெய் தருவதற்கு உடன்படிக்கையும் ஆயிற்று. அன்றுமுதல் ஈரானின் எண்ணெய் ஒரு வணிகப் பொருளாக மட்டும் இருக்கவில்லை. குழுமத்தோடு வழக்காடுகிறவன் ஒரு வல்லரசோடு வழக்காடுகிறவன் ஆனான்.

இங்கே நம் சென்னைக்கும் ஒரு தொடர்பு உண்டு. அதே 1914-ஆம் ஆண்டு செப்டம்பர் 22-ஆம் நாள் இரவு எம்டன் என்னும் செருமானியப் போர்க்கப்பல் சென்னைக் கடற்கரைக்கு வந்து குண்டு வீசியது. அக்குண்டுகள் கோட்டையைக் கொளுத்தவில்லை. பருமா எண்ணெய்க் குழுமத்தின் எண்ணெய்த் தொட்டிகளையே கொளுத்தின. மசூதி சுலைமான் கிணற்றுக்குப் பணம் இறைத்த குழுமமும் அதுவே. துணிந்து சூழ்ச்சி செய்பவனை இன்றும் 'எம்டன்' என்கிறார்கள். அச்சொல்லுக்குப் பின்னே எரிந்தது எண்ணெய் என்பதை மறந்துவிட்டார்கள். போர் தொடங்கி இரு திங்கள் நிறையுமுன்பே, எண்ணெய் எங்கே சேமிக்கப்பட்டிருக்கிறதோ அங்கே குண்டு விழும் என்பது இக்கரையிலும் தெரிந்துவிட்டது.

கணக்கை எழுதுபவன் கை

தூய ஊதியத்தில் 16 விழுக்காடு என்று உரிமம் சொல்லிற்று. தூய ஊதியம் எவ்வளவு என்பதைச் சொல்வது யார்? குழுமம். செலவுக் கணக்கை எழுதுவது யார்? குழுமம். தன் கிளைக் குழுமங்களின் ஊதியத்தைச் சேர்ப்பதா தள்ளுவதா என்று முடிவு செய்வதும் குழுமமே. நிலத்துக்கு உரியவன் வாயிற்படியில் நின்று, உள்ளே நடந்த கணக்கின் முடிவை மட்டும் கேட்டுப் பெற்றுக்கொண்டு போனான்.

உலகப் பொருளியல் நலிவினால் பங்குத்தொகை பெரிதும் குறைந்தபோது, 1932-ஆம் ஆண்டு இரேசா மன்னர் சினந்து அவ்வுரிமத்தை நீக்கினார். ஈரானில் பெருமகிழ்ச்சி. ஆனால் 1933-ஆம் ஆண்டு எழுதப்பட்ட புதிய உடன்படிக்கையில் நிகழ்ந்தது என்ன? நிலப்பரப்பு குறைக்கப்பட்டது, டன்னுக்கு நான்கு சில்லிங்கு என ஒரு தொகை உறுதியாயிற்று. அதற்கு மாற்றாக, 1961-இல் முடிய வேண்டிய உரிமை 1993-ஆம் ஆண்டுவரை நீண்டது. சினந்து எழுந்தவர் முப்பத்திரண்டு ஆண்டுகளைக் கூடுதலாகக் கொடுத்துவிட்டு அமர்ந்தார். சூழாது எழுந்த சினத்தால் நேர்ந்த இழப்பு அது.

ஈரானியரைப் படிப்படியாக உயர்பணிகளில் அமர்த்துவதாகவும் அவ்வுடன்படிக்கை கூறியது. ஆனால் மேலிடங்கள் ஆங்கிலேயரிடமே இருந்தன. அபாதானில் ஆங்கில அலுவலர்க்குத் தோட்டம் சூழ்ந்த வீடுகள். ஈரானியக் கூலியாட்களில் பலர்க்குக் குடிசைகள். அக்குடிசைப் பகுதியொன்றுக்குக் காகசாபாத் என்று பெயர் வழங்கியது. 'தாளூர்' என்பது அதன் பொருள். 1947-ஆம் ஆண்டு வரி நீங்கிய பின் குழுமம் ஈட்டிய ஊதியம் ஏறத்தாழ 4 கோடி பவுண்டு. ஈரானுக்குக் கிடைத்தது ஏறத்தாழ 70 இலக்கம் பவுண்டு.

அதற்குள் உலகின் பிற பகுதிகளில் காற்று திசை மாறியிருந்தது. தென்னமெரிக்காவின் வெனிசுவேலா, எண்ணெய் ஊதியத்தில் சரிபாதி கேட்டுப் பெற்றது. 1950-ஆம் ஆண்டு திசம்பரில் சவுதி அரேபியாவும் அமெரிக்கக் குழுமத்திடம் சரிபாதி பெற்றது. அமெரிக்கக் குழுமங்களின் ஈகை என்று அதனைக் கருதிவிட வேண்டா. சவுதி அரசுக்குக் கொடுத்த கூடுதல் தொகையை அவை அமெரிக்க அரசுக்குக் கட்டவேண்டிய வரியில் கழித்துக்கொண்டன. ஆகவே அவற்றின் பை மெலியவில்லை. அண்டை நாட்டுக்குப் பாதி என்ற செய்தி ஈரானுக்கு எட்டியபோது, அங்கே பாதி என்ற பேச்சுக்கே இடமில்லாமற் போயிற்று. முழுமை என்ற முழக்கம் எழுந்துவிட்டது.

மொசாதேக் எழுந்தார்

முகமது மொசாதேக் முதியவர்; சுவிசு நாட்டில் சட்டம் பயின்று முனைவர் பட்டம் பெற்றவர்; கையூட்டு அறியாதவர் என்று பகைவரும் ஒப்பியவர். 1951-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில், ஈரான் நாடாளுமன்றம் எண்ணெய்த் தொழிலை நாட்டுடைமை ஆக்கியது. ஏப்பிரல் திங்கள் இறுதியில் மொசாதேக் தலைமையமைச்சரானார்.

இது கொள்ளை என்று ஆங்கில அரசு கூறியது. கொள்ளையா? இழப்பீட்டுக்கென எண்ணெய் வருவாயில் 25 விழுக்காடு வரை ஒதுக்கி வைக்க அச்சட்டமே வழிசெய்திருந்தது. அதைக் கொள்ளை என்ற அரசோ, 1947-ஆம் ஆண்டு முதல் நாளிலிருந்து தன் நாட்டு நிலக்கரிச் சுரங்கங்களை நாட்டுடைமை ஆக்கியிருந்தது. இங்கிலாந்துக் கரி இங்கிலாந்து மக்களுக்கு உரியது. ஈரான் எண்ணெய் மட்டும் ஈரான் மக்களுக்கு உரியதன்று! இதுவே அவர்கள் கைக்கொண்ட முறைமை.

வழக்கு பன்னாட்டு முறைமன்றத்திற்குச் சென்றது. 1952-ஆம் ஆண்டு சூலை 22-ஆம் நாள், இவ்வழக்கை உசாவத் தனக்கு உரிமையில்லை என அம்மன்றம் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பை ஏற்ற நடுவருள் மன்றத் தலைவரான ஆங்கிலேயரும் ஒருவர். நடுவுநிலை என்னும் சொல்லுக்கு அம்மனிதர் செய்த பெருமை அது. தம் நாட்டவர் என்பதற்காக அவர் கோல் ஒரு பக்கம் சாயவில்லை.

ஆனால் எண்ணெய் உலகின் திறவுகோல்கள் முறைமன்றத்தில் இல்லை. அவை எங்கே இருந்தன என்பதை அடுத்து நடந்தவை காட்டின. ஆங்கிலப் பொறிஞர் அனைவரும் 1951 அக்டோபரில் அபாதானை விட்டு நீங்கினர். ஈரானியப் பொறிஞர் தளராமல் நாட்டுத் தேவைக்கு எண்ணெய் எடுத்தனர். ஆனால் வெளிநாட்டுக்கு விற்கக் கப்பல் இல்லை. உலகின் எண்ணெய்க் கப்பல்களில் பெரும்பாலானவை பெருங்குழுமங்களின் பிடியில் இருந்தன. ஈரான் எண்ணெயை வாங்குவோர் மீது வழக்குத் தொடுக்கப்படும் என்று எச்சரிக்கை விடப்பட்டது. 1952-ஆம் ஆண்டு சூன் திங்களில் ஈரான் எண்ணெயை ஏற்றி வந்த உரோசு மேரி என்னும் கப்பல், ஆங்கிலேயர் ஆட்சியிலிருந்த ஏடன் துறைமுகத்தில் தடுத்து வைக்கப்பட்டது. அதன்பின் பெரும்பாலோர் கப்பல் அனுப்பத் துணியவில்லை.

உலகத்துக்கு எண்ணெய் குறைந்ததா? இல்லை. சவுதி அரேபியா, குவைத்து, ஈராக்கு ஆகிய நாடுகளின் கிணறுகளைப் பெருங்குழுமங்கள் கூடுதலாகத் திறந்துவிட்டன. ஈரானின் இடம் நிரப்பப்பட்டது. கிணறு நிறைந்திருக்க, கருவூலம் காய்ந்தது. எண்ணெய்க் கடலின் மேல் நின்ற நாடு, தன் அலுவலர்க்குச் சம்பளம் கொடுக்க முடியாமல் திணறியது.

உள்ளிருந்து விழுந்த கதவு

வெளிப்பகை ஒன்றே மொசாதேக்கை வீழ்த்தியது என்று கூறினால் வரலாற்றுக்கு அது உண்மையாகாது. தொடக்கத்தில் அவருடன் நின்ற சமயத் தலைவர் காசானி பின்னர்ப் பிரிந்தார். கட்சித் துணைவர் சிலரும் விலகினர். நாடாளுமன்றத்தில் எதிர்ப்பு மிகுந்தபோது, 1953 ஆகசுட்டில் மக்கள் வாக்கெடுப்பு ஒன்று நடத்தி அம்மன்றத்தையே அவர் கலைத்தார். அவ்வாக்கெடுப்பில் இசைவுக்கும் மறுப்புக்கும் தனித்தனி இடங்களில் வாக்களிக்க வேண்டியிருந்தது. மறைவு வாக்கு என்பதற்கு அங்கு இடமில்லை. மக்களாட்சியின் பெயரால் நின்றவர் மக்களாட்சியின் அரண் ஒன்றைத் தம் கையாலேயே தளர்த்தினார். வள்ளுவப் பெருமான் வெளிப்பகையோடு நிறுத்தாமல் உட்பகைக்கெனத் தனியே ஓர் அதிகாரம் வகுத்ததன் பொருள் இத்தகைய இடங்களில் விளங்கும்.

ஆங்கில உளவுத்துறை முதலில் இதற்கு வழிவகுத்தது. 1952-இல் ஈரான் தன் நாட்டிலிருந்த ஆங்கிலத் தூதரகத்தை மூடச் செய்தபின், அத்திட்டம் அமெரிக்கர் கைக்குச் சென்றது. துருமன் ஆட்சிக்காலத்தில் தயங்கிய அமெரிக்கா, 1953-இல் ஐசனோவர் குடியரசுத் தலைவரானதும் இசைந்தது. ஈரான் பொதுவுடைமையர் கைக்குப் போய்விடும் என்பது அவர்கள் சொன்ன கரணியம். அவ்வச்சம் சிலர்க்கு மெய்யாகவே இருந்திருக்கலாம். எண்ணெய் ஆவல் அவ்வச்சத்துக்கு நெய் வார்த்தது.

அமெரிக்க நடுவண் உளவு நிறுவனத்தின் சார்பில் தெகுரானில் பணியாற்றியவர் கெர்மிட் உரூசுவெல்ட். முன்னாள் குடியரசுத் தலைவர் தியோடர் உரூசுவெல்ட்டின் பெயரர். செய்தித்தாள்களுக்கும் தெருக்கூட்டங்களுக்கும் படைத்தலைவர் சிலர்க்கும் பணம் பாய்ந்தது. ஆகசுட்டு 15 இரவில் நடந்த முதல் முயற்சி தோற்றது. மன்னர் முகமது இரேசா பாக்தாதுக்கும் அங்கிருந்து உரோமுக்கும் ஓடினார். நான்கு நாள் கழித்து, 19-ஆம் நாள், கூட்டமும் படையும் தெருவில் இறங்கின. அன்று மாலைக்குள் மக்கள் தேர்ந்த அரசு வீழ்ந்தது. மொசாதேக் மூன்றாண்டுச் சிறைக்குப்பின் தம் சிற்றூரான அகமதாபாத்தில் காவலில் வைக்கப்பட்டு, 1967-ஆம் ஆண்டு மார்ச்சு 5-ஆம் நாள் மறைந்தார். அவர் விரும்பியபடி பொது இடுகாட்டில் அடக்கம் செய்யவும் இசைவு தரப்படவில்லை. தம் வீட்டிலேயே அவர் புதைக்கப்பட்டார்.

இந்த உண்மையை மறைக்க எத்தனை ஆண்டு முயன்றனர்! அமெரிக்க நடுவண் உளவு நிறுவனம் தன் பங்கைத் தன் ஆவணத்தின் வாயிலாகவே ஒப்பிய ஆண்டு 2013. அறுபது ஆண்டுகளுக்குப் பின்.

பங்கீடு

கவிழ்ப்புக்குப்பின் 1954-இல் எண்ணெய் எவ்வாறு பங்கிடப்பட்டது என்பதைக் கேளுங்கள். பழைய ஆங்கிலக் குழுமத்துக்கு 40 விழுக்காடு. அமெரிக்கக் குழுமங்களுக்கு 40. செல் குழுமத்துக்கு 14. பிரெஞ்சுக் குழுமத்துக்கு 6. கூட்டினால் நூறு. ஈரானின் பெயர் இக்கூட்டுக்குழுமத்தில் இல்லை. எண்ணெய் நாட்டுடைமை என்பது தாளில் நின்றது. ஊதியத்தில் பாதி ஈரானுக்கு என்றனர். ஆனால் எவ்வளவு எடுப்பது, என்ன விலைக்கு விற்பது என்பனவற்றைக் கூட்டுக்குழுமமே முடிவு செய்தது. அதன் கணக்கேடுகளைப் பார்க்கும் உரிமை ஈரானுக்கு இல்லை. ஆங்கிலக் குழுமமும் பிரித்தானிய எண்ணெய்க் குழுமம் என்று பெயரை மாற்றிக்கொண்டது. முன்பு முழுவதையும் உண்ட ஆங்கிலேயர் நாற்பதோடு அமைந்தனர். முன்பு ஒன்றுமில்லாத அமெரிக்கர் நாற்பது பெற்றனர். ஒரு பேரரசு மற்றொன்றுக்கு இடம் விட்ட வரலாறு இவ்வெண்களிலேயே எழுதப்பட்டுள்ளது.

பிறர் கற்ற பாடம்

தனித்து நின்ற ஈரானை அண்டை நாட்டுக் கிணறுகளைக் கொண்டே வென்றனர் அல்லவா? அதிலிருந்து எண்ணெய் நாடுகள் ஒன்றைக் கற்றன. 1960-ஆம் ஆண்டு பெருங்குழுமங்கள் எண்ணெய் நாடுகளைக் கேளாமலே விலையைக் குறைத்தன. அவ்வாண்டு செப்டம்பரில் ஈரான், ஈராக்கு, குவைத்து, சவுதி அரேபியா, வெனிசுவேலா ஆகிய ஐந்தும் பாக்தாதில் கூடி, ஒபெக் என்னும் அமைப்பைத் தோற்றுவித்தன. 1973-இல் இசுரேலோடு நடந்த போரின்போது, அரபு நாடுகள் எண்ணெயைக் குறைத்தன. பீப்பாய் ஒன்று ஏறத்தாழ 3 டாலராயிருந்த விலை, 1974 தொடக்கத்தில் 11 டாலரைத் தாண்டியது. விலை வைக்கும் கை மாறியது.

ஆயினும் கை மாறியதாலேயே அறம் வந்துவிடவில்லை. அவ்விலையேற்றம் வல்லரசுகளைவிட எண்ணெயில்லாத ஏழை நாடுகளையே மிகுதியாக வாட்டியது. ஈரான் மன்னரும் பெருகிய பணத்தில் பெரும்பகுதியைப் படைக்கலங்கள் வாங்கக் கொட்டினார். குடிமக்களின் மனக்குமுறல் 1979-இல் அவரை நாட்டைவிட்டே துரத்தியது. 1953-இல் அமெரிக்கா விதைத்த வெறுப்பு, இருபத்தாறு ஆண்டு கழித்து, அமெரிக்கத் தூதரகத்தின் மதிலேறிக் குதித்தது.

இன்றும் திறவுகோல்கள் பலவாய்ப் பிரிந்து கிடக்கின்றன. ஈரானுக்கும் ஓமானுக்கும் இடையிலுள்ள ஆர்முசு நீரிணை, மிகக் குறுகிய இடத்தில் நாற்பது கிலோமீட்டர் அகலமும் இல்லாதது. 2024-ஆம் ஆண்டில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 2 கோடிப் பீப்பாய், அதாவது உலகம் எரிக்கும் எண்ணெயில் ஐந்திலொரு பங்கு, அவ்வழியே சென்றது. கப்பலைத் தடுப்பதற்கு இப்போது போர்க்கப்பலே வேண்டும் என்பதும் இல்லை. பணம் செல்லும் வழியை அடைத்தால் போதும். கப்பலுக்குக் காப்பீடு தர மறுத்தால் போதும். 1965-ஆம் ஆண்டு சென்னை மணலியில் எண்ணெய்த் தூய்விப்பாலை அமைக்க இந்திய அரசோடு பங்கு சேர்ந்தவர்களுள் ஈரான் நாட்டு எண்ணெய்க் குழுமமும் ஒன்று. அத்தகைய உறவிருந்தும், அமெரிக்கா விதித்த தடையால், 2019-ஆம் ஆண்டு மேத் திங்களோடு ஈரானிடம் எண்ணெய் வாங்குவதை இந்தியா நிறுத்தியது. விற்பவன் ஒருவன், வாங்குபவன் ஒருவன். வேண்டாவென்று சொன்னவன் மூன்றாமவன்.

அவையீர்! 1901-இல் கையெழுத்திட்ட மன்னருக்கு எண்ணெயின் அருமை தெரியவில்லை. 1933-இல் கையெழுத்திட்ட மன்னருக்கு அருமை தெரிந்தது, சூழ்ச்சி தெரியவில்லை. 1951-இல் எழுந்த தலைவருக்கு உரிமையும் தெரிந்தது, முறையும் தெரிந்தது. கப்பலும் சந்தையும் அவர் கையில் இல்லை, வீட்டினுள்ளும் ஒற்றுமை நிலைக்கவில்லை. மண்ணுக்கு உரியவன் தன் மண்ணின் பொருளை ஆள வேண்டுமானால், அப்பொருளை எடுக்கும் கல்வி வேண்டும். கணக்கைப் படிக்கும் கண் வேண்டும். ஏற்றிச் செல்லும் கலம் வேண்டும். வாங்குவோரோடு நேர்நின்று பேசும் வாய்ப்பு வேண்டும். இவற்றையெல்லாம் தாங்கும் உள்ளொற்றுமை வேண்டும். இவற்றுள் ஒன்று குறைந்தாலும் அக்குறை வழியே வேற்றான் நுழைவான்.

அகமதாபாத்துச் சிற்றூரில் காவலில் இருந்த முதியவர் தோற்றார் என்பர். ஆனால் அவர் கேட்ட வினா தோற்கவில்லை. ஊற்று யாருடையதோ அவர்க்கே உரிமை என்பதை இன்று வெளிப்படையாக மறுத்துப் பேச எந்த வல்லரசும் முன்வருவதில்லை. சொல்லளவில் வென்ற அவ்வுண்மையைச் செயலளவில் வெல்விப்பது, மண்ணும் வளமும் உடைய ஒவ்வொரு மக்களினத்தின் கடமையாகும்.